பத்து வருஷக் கணக்கு

"கொஞ்சம் கூடப் போனாலும் பரவாயில்லை, பத்து வருஷத்துக்குத் தாங்குற மாதிரி வாங்கிடு." கேம் விளையாடவும் படம் பார்க்கவும் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், இந்த வாக்கியம் நாலு திசையிலிருந்தும் வரும். மாமா சொல்வார். ஐடி வேலையில் இருக்கும் அத்தை பையன் சொல்வான். ரிச்சி தெருக் கடைக்காரர் அதையே தன் பாணியில் சொல்வார்: "தம்பி, இன்னும் ஒரு பதினஞ்சு சேர்த்துப் போட்டீங்கன்னா அடுத்த ரேஞ்சுக்குப் போயிடலாம். அப்புறம் திரும்பிப் பார்க்கவே வேண்டாம்." யூடியூபில் கேட்டால் 'ஃபியூச்சர் ப்ரூஃப்' என்பார்கள். எல்லாரும் ஒரே குரலில் சொல்வதாலேயே இது நிரூபிக்கப்பட்ட உண்மை போல ஆகிவிட்டது. எனக்குத் தெரிந்தவரை, வீட்டுக் கம்ப்யூட்டர் வாங்குகிறவருக்கு இதைவிடச் செலவு வைக்கும் தவறான யோசனை வேறில்லை.

யோசனையின் வேர் எங்கே என்று தெரியாமல் இல்லை. வீடு கட்டும்போது பின்னால் மாடி எடுக்கலாம் என்று தூண் கம்பிகளை மொட்டை மாடிக்கு மேல் நீட்டி விட்டுவைக்கிற ஊர் நம்முடையது. சிமெண்டும் கம்பியும் இருபது வருஷம் கழித்தும் சிமெண்டும் கம்பியும்தான் என்பதால் அங்கே அந்தக் கணக்குக்கு ஓர் அர்த்தம் உண்டு. பிராசஸருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் அது பொருந்தாது. அவை பெரும்பாலும் பலம் குறைந்து சாவதில்லை. புதிதாக வந்த ஏதோ ஒன்று அவற்றுக்குத் தெரியாமல் போகிறது, அத்தோடு ஓரங்கட்டப்படுகின்றன. அந்த 'ஏதோ ஒன்று' வாங்குகிற நாளில் கடையில் இருக்காது. எவ்வளவு பணம் கொடுத்தாலும் இல்லாத சரக்கை யாரும் எடுத்துத் தர முடியாது.

வெறும் வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள், கணக்கோடு பார்ப்போம்.

2017 ஜனவரியில் இன்டெல்லின் கோர் ஐ7 7700கே வந்தது. நாலு கோர், எட்டு த்ரெட், அறிவிக்கப்பட்ட விலை 339 டாலர். கேம் விளையாடுகிறவர்களுக்கு அன்று அதுதான் உச்சம். 'இனிமேல் பிராசஸர் பற்றி யோசிக்கவே வேண்டாம்' என்று சொல்லித்தான் அதை விற்றார்கள், வாங்கினார்கள். அதே வருஷம் அக்டோபரில், ஒன்பது மாதத்தில், ஐ7 8700கே ஆறு கோரோடு வந்தது. சரி, அடுத்ததாக இதை மாற்றிக்கொள்ளலாம் என்றால் முடியவில்லை. சாக்கெட்டின் பெயர் அதே 1151தான், ஆனால் பழைய மதர்போர்டில் புதிய பிராசஸர் ஓடாது என்று இன்டெல் சொல்லிவிட்டது. எதிர்காலத்துக்கென்று கூடுதல் காசு கொடுத்து வாங்கிய உயர்ரக இசட்270 போர்டின் எதிர்காலம் ஒன்பது மாதம்.

கதையின் உச்சம் அதுவல்ல. அதே அக்டோபரில் 117 டாலருக்கு ஐ3 8100 என்றொரு சாதாரண பிராசஸரும் வந்தது. வேகத்தில் 7700கேயின் கிட்டே வராது. ஆனால் 2021இல் விண்டோஸ் 11 வந்தபோது மைக்ரோசாஃப்ட் போட்ட கோட்டில், இன்டெல் பிராசஸர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ இருக்க வேண்டும். 117 டாலர் ஐ3 உள்ளே, 339 டாலர் ஐ7 வெளியே. 2025 அக்டோபர் 14ஆம் தேதி விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் முடிந்தது. குறுக்கு வழியில் விண்டோஸ் 11ஐ ஏற்றிக்கொள்ளலாம், ஏற்றியும் ஓட்டுகிறார்கள். ஆனால் 'திரும்பிப் பார்க்கவே வேண்டாம்' என்று சொல்லி வாங்கிய பொருளுக்குக் குறுக்கு வழி தேடவேண்டி வந்ததே, அதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். 2017இல் கடையில் நின்ற எவராலும் இதை ஊகித்திருக்க முடியாது. 7700கே இன்றும் தெம்பாகத்தான் இருக்கிறது. தெம்பு யாருக்கு வேண்டியிருந்தது?

கிராபிக்ஸ் கார்டுக்கு வருவோம். பத்து வருஷ வாதிகள் கையில் எடுக்கும் முதல் ஆயுதம் ஜிடிஎக்ஸ் 1080 டிஐ. 2017 மார்ச்சில் 699 டாலருக்கு வந்தது, 11 ஜிபி நினைவகம். நல்ல கார்டு, நீண்ட நாள் ஓடியது, மறுக்கவில்லை. ஆனால் 2024 டிசம்பரில் 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள்' வெளியானபோது ரே டிரேசிங் வன்பொருள் இருந்தால்தான் விளையாட்டு ஓடும் என்று நிபந்தனை வைத்தார்கள். குறைந்தபட்சத் தேவையாகக் குறிப்பிட்ட என்விடியா கார்டு ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர், 2019இல் 399 டாலருக்கு வந்தது. வழக்கமான விளையாட்டுகளில் 1080 டிஐ அதை முந்தும். இருந்தும் இந்த விளையாட்டுக்குள் 399 டாலர் கார்டு நுழைகிறது, 699 டாலர் கார்டு வாசலில் நிற்கிறது. 2025இல் வந்த 'டூம்: தி டார்க் ஏஜஸ்' விளையாட்டிலும் இதே கதைதான்.

அதற்கு ஏழு வருஷம் ஆயிற்றே என்பீர்கள். ஆறு மாதக் கதையும் இருக்கிறது. 2022 மார்ச் கடைசியில் என்விடியா ஆர்டிஎக்ஸ் 3090 டிஐயை 1,999 டாலருக்கு விட்டது. அன்றைய தேதியில் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அதற்கு மேல் கார்டு இல்லை. செப்டம்பரில் 40 வரிசையை அறிவித்தார்கள். அதோடு டிஎல்எஸ்எஸ் 3 வந்தது. இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே ஒரு ஃபிரேமைத் தானே உருவாக்கிச் செருகும் வித்தை, புதிய வரிசைக்கு மட்டும். அடுத்த வருஷம் 299 டாலருக்கு வந்த ஆர்டிஎக்ஸ் 4060க்கு அது உண்டு. 1,999 டாலர் 3090 டிஐக்குக் கிடையாது. ஏஎம்டி மட்டும் என்ன யோக்கியம்? 2022 டிசம்பரில் 999 டாலருக்கு விற்ற ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸை, 2025இல் அவர்களுடைய சொந்த வித்தையான எஃப்எஸ்ஆர் 4 வெளியானபோது சேர்த்துக்கொள்ளவில்லை. அந்த வருஷம் ஜூனில் வந்த 299 டாலர் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டிக்குக் கொடுத்தார்கள். அந்த வித்தைகள் அவசியமா, ஏமாற்றா என்பது வேறு வழக்கு. உயர்ந்த விலை கொடுத்தவன் வரிசையில் முன்னால் நிற்பான் என்ற நம்பிக்கை பொய் என்பதற்கு இவை சாட்சி.

விளையாட்டை விடுங்கள், படம் பார்க்கவாவது பெரிய கார்டு உதவுமா? இங்கேதான் வேடிக்கை அதிகம். கிராபிக்ஸ் கார்டுக்குள் வீடியோவை விரித்துக் காட்டுவதற்கென்று தனியாக ஒரு சிறு பகுதி இருக்கிறது. கார்டு பெரிதானால் அந்தப் பகுதியும் பெரிதாகும் என்பதில்லை. அது எந்த நாளில் வடிவமைக்கப்பட்டது என்பதுதான் கணக்கு. 2015 ஜனவரியில் 199 டாலருக்கு வந்த ஜிடிஎக்ஸ் 960, எச்இவிசி என்ற புதிய வடிவ வீடியோவை முழுக்க வன்பொருளிலேயே விரிக்கும். ஐந்து மாதம் கழித்து வந்த 649 டாலர் 980 டிஐயால் அது முடியாது, பாதி வேலையை வேறு வழியில் சமாளிக்கும். 2018இல் வந்த ஆர்டிஎக்ஸ் 2080 டிஐயின் விலை 999 டாலரில் தொடங்கியது. யூடியூபும் நெட்ஃபிளிக்ஸும் பயன்படுத்தும் ஏவி1 வடிவத்தை விரிக்க அதில் வன்பொருள் இல்லை. 2021இல் வந்த ஐ5 11400 பிராசஸருக்குள் இலவச இணைப்பாக வரும் சின்னஞ்சிறு இன்டெல் கிராபிக்ஸுக்கு அது சர்வ சாதாரணம்.

வட்டுப் பிரியர்கள் பாடு இன்னும் பரிதாபம். 4கே புளூ-ரே வட்டைக் கம்ப்யூட்டரில் முறைப்படி ஓட்ட வேண்டுமானால் பிராசஸரில் எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்பு வசதி இருக்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். நம்பி டிரைவ் வாங்கினார்கள், மென்பொருளுக்கும் பணம் கட்டினார்கள். வீட்டு பிராசஸர்களில் பதினோராம் தலைமுறையிலிருந்து இன்டெல் அந்த வசதியையே எடுத்துவிட்டது. ஆக, கம்ப்யூட்டரைப் புதுப்பித்தவர்களுக்குப் படம் ஓடவில்லை, பழசையே வைத்திருந்தவர்களுக்கு ஓடியது.

கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்களுக்கு இதே சங்கதி வேறு முகத்தோடு வரும். இப்போதைய மிரர்லெஸ் கேமராக்கள் பல, 10 பிட் 4:2:2 எச்இவிசியில் பதிவு செய்கின்றன. இதை வன்பொருளில் விரிக்கும் திறன் இன்டெல்லின் உள்ளிணைந்த கிராபிக்ஸுக்குப் பதினோராம் தலைமுறையிலேயே வந்துவிட்டது. என்விடியா கார்டுகளுக்கு 2025இல் 50 வரிசை வரும்வரை வரவில்லை. பிரம்மாண்டமான 4090 போட்ட சிஸ்டத்தில் டைம்லைன் திக்கித் திக்கி நகரும்போது சாதாரண ஐ5 சிஸ்டத்தில் வழுக்கிக்கொண்டு ஓடுவது இதனால்தான். ஆனால் கடையில் என்ன செய்கிறார்கள்? "கார்டு போடறீங்களே, அப்புறம் எதுக்குங்க உள்ள இருக்குற கிராபிக்ஸ்" என்று பெயருக்குப் பின்னால் 'எஃப்' போட்ட பிராசஸரைத் தருகிறார்கள். உள்ளிணைந்த கிராபிக்ஸ் இல்லாத வகை, விலை கொஞ்சம் குறைவு. மிச்சமாகும் பணம் நேராகப் பெரிய கார்டுக்குப் போகிறது. கார்டு ஒருநாள் படுத்துவிட்டு வாரண்டிக்குப் போனால், அது திரும்பி வரும்வரை திரையில் ஒரு புள்ளிகூடத் தெரியாது. வேறெதற்குக் கஞ்சத்தனம் செய்தாலும், எடிட் செய்கிறவர் அந்த 'எஃப்' எழுத்தைத் தவிர்ப்பது நல்லது.

எதிர்காலத்தைச் சொல்லி விற்றவற்றின் மயானம் பெரியது. இரண்டொரு கல்லறையை எட்டிப் பார்த்துவிட்டு நகரலாம். "இப்போ ஒரு கார்டு போடுங்க, பின்னாடி இன்னொண்ணு சேர்த்துக்கலாம்" என்று எஸ்எல்ஐயைக் காட்டி, இரண்டு கார்டுக்கு இடமுள்ள மதர்போர்டையும் 1000 வாட் எஸ்எம்பிஎஸ்ஸையும் விற்ற காலம் ஒன்று இருந்தது. 2021 பிறந்த அன்றோடு எஸ்எல்ஐக்குப் புதிய டிரைவர் ஏற்பாடுகளை என்விடியா நிறுத்திவிட்டது. இரண்டாவது கார்டின் இடம் காலியாகவே கிடக்கிறது. இன்னொன்று ஏஎம்டி எஃப்எக்ஸ் 8350. 2012இல் எட்டு கோர்! அடுத்த வருஷம் வந்த பிளேஸ்டேஷன் 4இலும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னிலும் எட்டு கோர் என்றதும், இனி விளையாட்டெல்லாம் எட்டு கோருக்குத்தான் எழுதப்படும், எஃப்எக்ஸ் வைத்திருப்பவன் ராஜா என்றார்கள். எட்டு கோருக்கு எழுதும் நாள் வரத்தான் செய்தது. வந்தபோது எஃப்எக்ஸின் ஒவ்வொரு கோரும் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. இரண்டிரண்டு கோராகச் சில உறுப்புகளைப் பங்குபோட்டுக்கொள்ளும் அமைப்பை எட்டு கோர் என்று விளம்பரம் செய்தது சரியா என்ற வழக்கு, 2019இல் ஏஎம்டி 1.21 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டதோடு முடிந்தது.

உச்ச விலைப் பொருள் உறுதியாகவாவது இருக்குமா? இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை உயர்ரக பிராசஸர்கள் அதிக மின்னழுத்தத்தால் மெல்ல மெல்லச் சீர்கெட்டு, விளையாட்டு நடுவே முறிந்து விழுந்தது 2024இன் பெரிய செய்தி. இன்டெல் மைக்ரோகோட் திருத்தம் விட்டது, வாரண்டியை இரண்டு வருஷம் நீட்டித்தது. புகாரில் அதிகம் அடிபட்ட பெயர் ஐ9. பன்னிரண்டாம் தலைமுறை ஐ5 வைத்திருந்தவர் இந்தச் செய்தியைப் படித்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார்.

சரி, எதிர்காலம் எந்தப் பக்கம் திரும்பும் என்றே தெரியாதா? ஒரு குறிப்பு இருக்கிறது, அது விலைப்பட்டியலின் உச்சியில் இல்லை. கேம் எழுதுகிறவர்கள் தங்கள் விளையாட்டு விற்கவேண்டும் என்று நினைக்கிறார்கள். விற்க வேண்டுமானால் கூட்டம் எந்த கார்டை வைத்திருக்கிறதோ அதில் ஓடியாக வேண்டும். ஸ்டீம் தளம் மாதாமாதம் வெளியிடும் வன்பொருள் கணக்கெடுப்பைப் பாருங்கள். 2016இல் 249 டாலருக்கு வந்த ஜிடிஎக்ஸ் 1060 பல ஆண்டுகள் முதலிடத்தை விடவில்லை. அதற்குப் பிறகு மேலே வந்தவையும் பெரும்பாலும் நடுத்தர கார்டுகளே. இன்னொரு பக்கம் பிளேஸ்டேஷன். பிஎஸ்5 2020 நவம்பரில் வந்தது. ஒரு தலைமுறை ஆறேழு வருஷம் ஓடும், பெரிய விளையாட்டுகள் அத்தனையும் அதை அடித்தளமாக வைத்துத்தான் எழுதப்படும். ஆகவே பிஎஸ்5 அளவுக்குச் சற்று மேலான நடுத்தர சிஸ்டம் வைத்திருப்பவரை எந்த ஸ்டுடியோவும் அவ்வளவு சீக்கிரம் கைவிடாது. கைவிட்டால் நஷ்டம் அவர்களுக்கு. உச்சியில் இருப்பவர்களுக்காகச் சில அலங்காரங்கள் சேர்ப்பார்கள், அவ்வளவுதான்.

இப்போது எதிர்த்தரப்பின் வலுவான வாதங்களைச் சந்திக்க வேண்டும். முதலாவது, நினைவகம். 2020இல் 499 டாலருக்கு வந்த ஆர்டிஎக்ஸ் 3070 வேகத்தில் 2080 டிஐக்கு ஈடாக நின்றது. ஆனால் 8 ஜிபிதான். 2023இல் 'ஹாக்வார்ட்ஸ் லெகசி'யும் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' முதல் பாகமும் கம்ப்யூட்டருக்கு வந்தபோது அந்த 8 ஜிபி திணறியது, 2080 டிஐயின் 11 ஜிபி தாக்குப்பிடித்தது. இது உண்மை. ஆனால் 2080 டிஐ வாங்கியவர் இதற்காகக் கொடுத்தது ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை. அந்த வித்தியாசத்தைக் கையில் வைத்திருந்தால் 2023இல் அதைவிட நல்ல கார்டுக்கு மாறியிருக்கலாம். இன்று 8 ஜிபி கார்டை வாங்காதீர்கள் என்று நானும்தான் சொல்வேன். ஆனால் அது நாளைய தேவை என்பதால் இல்லை. பிஎஸ்5இல் 16 ஜிபி பொது நினைவகம் வந்து வருஷங்கள் ஆகின்றன, விளையாட்டுகள் அதைத் தின்னத் தொடங்கிவிட்டன. அது இன்றைய தேவை.

இரண்டாவது, ஏஎம்4 சாக்கெட். 2017இல் ரைசனோடு கடைக்கு வந்த இந்த சாக்கெட்டில் ஐந்து வருஷம் கழித்து வந்த 5800எக்ஸ்3டி வரை ஓடியது. "பார்த்தீர்களா, நல்ல மதர்போர்டு போட்டவன் பிழைத்தான்" என்பார்கள். யார் பிழைத்தார் என்று கூட்டிக் கழித்துப் பாருங்கள். 2017இல் எதிர்காலவாதி 499 டாலருக்கு ரைசன் 7 1800எக்ஸ் வாங்கினார். பக்கத்து வீட்டுக்காரர் 219 டாலருக்கு ரைசன் 5 1600 வாங்கினார். 2022இல் பக்கத்து வீட்டுக்காரர் அதே போர்டில் பயாஸை மட்டும் புதுப்பித்து 199 டாலருக்கு ரைசன் 5 5600ஐச் செருகினார். மொத்தம் 418 டாலர். 1800எக்ஸை அது விளையாட்டில் தூக்கிச் சாப்பிடும். போதாததற்கு விண்டோஸ் 11 பட்டியலில் முதல் தலைமுறை ரைசன்கள் எதுவும் இல்லை, 1800எக்ஸும் அதில் அடக்கம், 5600க்கு இடம் உண்டு. ஏஎம்4 நிரூபித்தது இரண்டு முறை கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிப்பதன் லாபத்தைத்தான். அதுகூட நிச்சயமாக இருந்ததா என்றால் இல்லை. 2020 மே மாதத்தில் 400 வரிசை போர்டுகளுக்கே புதிய பிராசஸர்கள் கிடையாது என்று ஏஎம்டி சொன்னது. வாடிக்கையாளர்கள் கூச்சல் போட்ட பிறகுதான் இறங்கி வந்தது.

மூன்றாவது, 2025 கடைசியில் ராம் விலை ஏறிய கதை. ஏஐ டேட்டா சென்டர்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போக, வீட்டுக்காரருக்கு விலை எகிறியது. அதற்கு முன்னால் தேவைக்கு மேல் ராம் வாங்கிப் போட்டவர்கள் மார்தட்டிக்கொண்டார்கள். தட்டட்டும். அது அதிர்ஷ்டம். 2021இல் கிரிப்டோ சுரங்கக்காரர்கள் கார்டுகளை வாரிக்கொண்டு போனபோது 'இனி விலை ஏறிக்கொண்டேதான் போகும்' என்று இரட்டை விலைக்கு வாங்கியவர்கள், 2022 செப்டம்பரில் எத்தீரியம் கார்டு வழி சுரங்கத்தைக் கைவிட்டதும் என்ன ஆனார்கள் என்று அவர்களிடமே கேட்கலாம். ராமில் எதிர்காலவாதிகள் செய்யும் இன்னொரு சேட்டையும் உண்டு: "ஒரே ஸ்டிக்கா போடுங்க, ஒரு ஸ்லாட் காலியா இருக்கட்டும், பின்னாடி சேர்க்கலாம்." ஒற்றை ஸ்டிக் என்றால் நினைவகத்தின் பாதை பாதியாகிவிடும், கார்டு இல்லாமல் உள்ளிணைந்த கிராபிக்ஸில் விளையாடுகிறவருக்கு அந்த அடி பலமாகவே விழும். நாளைக்காக இன்றைக்கே பாதி வேகத்தில் ஓட்டுவது என்ன கணக்கோ.

இவ்வளவுக்குப் பிறகும் இந்த நம்பிக்கை ஏன் சாகவில்லை? விற்கிறவர்களின் ஆசை ஒரு காரணம், அது வெளிப்படை. விமர்சன வீடியோக்களை நாம் தப்பாகப் படிப்பது இன்னொன்று. ஒரு பிராசஸரைச் சோதிக்கிறவர் அந்நேரத்தில் கிடைக்கும் மிகப் பெரிய கார்டை மாட்டி, தெளிவைக் குறைத்து 1080பியில் ஓட்டுகிறார். கார்டு குறுக்கே நிற்காமல் பிராசஸரின் வித்தியாசம் மட்டும் தெரியவேண்டும் என்பதற்காக. ஆய்வுக்கூடத்தில் அது சரியான முறை. அதில் ஒரு பிராசஸர் 180 ஃபிரேமும் இன்னொன்று 230 ஃபிரேமும் தந்தால், அதைப் பார்ப்பவர் தன் நடுத்தர கார்டோடும் 60 ஹெர்ட்ஸ் மானிட்டரோடும் அந்த 50 ஃபிரேம் தனக்கும் கிடைக்கும் என்று நம்பிப் பணத்தை எண்ணி வைக்கிறார். அந்த மானிட்டர் விநாடிக்கு 60 முறைதான் புதுப்பிக்கும். மீதி ஃபிரேம்களை அவர் கண்ணால் பார்க்கப்போவதில்லை.

அதனால்தான் சிஸ்டம் போடும் பேச்சை மானிட்டரிலிருந்து தொடங்கவேண்டும் என்கிறேன். நம் வீடுகளில் நடப்பது நேர்மாறு. பட்ஜெட் முழுக்கப் பெட்டிக்குள் போய்விடும், "மானிட்டர் பழசே இருக்கு, இப்போதைக்கு ஓடட்டும்" என்று முடிப்பார்கள். 1080பி திரையில் இருபது லட்சத்துச் சொச்சம் புள்ளிகள். 1440பியில் முப்பத்தாறு லட்சம் தாண்டும். 4கே என்றால் எண்பத்திரண்டு லட்சத்துக்கும் மேல், அதாவது 1080பியைப் போல நாலு மடங்கு. கார்டு செய்யும் வேலை இந்த எண்ணிக்கையோடு ஏறி இறங்குகிறது. எந்தத் திரை என்று தீர்மானித்துவிட்டால் எந்த கார்டு என்பது ஏறக்குறைய தானாகவே தீர்ந்துவிடும். மேசையில் 1080பி திரை, உள்ளே 4கே கார்டு என்று வைத்திருப்பவர், கண்ணுக்குத் தெரியாத புள்ளிகளுக்குக் காசு கட்டியிருக்கிறார். நல்ல மானிட்டர் இரண்டு மூன்று கார்டுகளின் ஆயுளைத் தாண்டி வரும், படம் பார்க்கவும் அதுதான், எடிட்டில் நிறம் பார்க்கவும் அதுதான்.

எஸ்எம்பிஎஸ்ஸும் அப்படியே. கேபினெட்டோடு சேர்ந்து வரும் '450 வாட்' டப்பாவை வைத்துக்கொண்டு மேலே ஐம்பதாயிரம் ரூபாய் கார்டை மாட்டும் துணிச்சல் எனக்குப் புரிவதே இல்லை. '80 பிளஸ்' முத்திரையைக் காட்டி நல்ல சரக்கு என்பார்கள். அந்த முத்திரை சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் உள்ளே போகிறது என்பதை மட்டும் சொல்லும். உள்ளே பாதுகாப்புச் சுற்று இருக்கிறதா, மின்னழுத்தம் ஏறி இறங்கினால் தாங்குமா என்பதை அது சொல்லாது. ஏழு, பத்து வருஷ வாரண்டி கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்கள் கடையில் கிடைக்கின்றன. கார்டுக்கோ பிராசஸருக்கோ அவ்வளவு நீண்ட வாரண்டியை இன்டெல்லும் தருவதில்லை, என்விடியாவும் தருவதில்லை. பத்து வருஷம் என்ற சொல்லுக்கு இந்தப் பெட்டியில் எங்காவது எழுத்துப்பூர்வமான ஆதாரம் இருக்கிறதென்றால் எஸ்எம்பிஎஸ்ஸின் வாரண்டி அட்டையில் இருக்கிறது. மூவாயிரம் மிச்சம்பிடிக்க முதலில் கை வைப்பதும் அதில்தான்.

யுபிஎஸ்ஸை யாரும் பேசுவதே இல்லை. நம் வீடுகளில் பொதுவாக இருப்பது 600 விஏ. அது தாங்குவது 360 வாட். ஆர்டிஎக்ஸ் 4060 என்றால் கார்டு 115 வாட், பெயரில் 'கே' இல்லாத 12ஆம் தலைமுறை ஐ5 முழு வீச்சில் ஓடினாலும் 117 வாட். மானிட்டரையும் சேர்த்து, கரண்ட் போனால் சேமித்துவிட்டு அணைக்க நேரம் கிடைக்கும். 4090 கார்டு தனியாகவே 450 வாட், ஐ9 14900கே உச்சத்தில் 253 வாட். கரண்ட் போன அந்த நொடியே யுபிஎஸ்ஸும் கையை விரிக்கும். அந்த வாட் எல்லாம் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வரும். மே மாதச் சென்னையில், மேற்குப் பார்த்த சுவருள்ள அறையில், அறுநூறு எழுநூறு வாட் ஹீட்டரைக் காலடியில் வைத்துக்கொண்டு ஏசியோடு மல்லுக்கட்டுவதை விமர்சன வீடியோ காட்டாது, அது குளிரூட்டிய அறையில் எடுக்கப்பட்டது. கேபினெட்டில் முன்பக்கம் கண்ணாடி வேண்டாம், காற்றுப் போகும் வலை இருக்கட்டும். வண்ண விளக்குகள் பற்றி எனக்குப் புகார் இல்லை, அவை குறைந்தபட்சம் இன்றைக்கே எரிகின்றன.

உச்ச கார்டு தேவைப்படுகிறவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். பிளெண்டரில் ரெண்டர் போட்டுச் சம்பாதிக்கிறவர், வீட்டிலேயே ஏஐ மாடல் ஓட்டிப் பார்க்கிறவர், 4கே திரையில் 120 ஃபிரேம் வேண்டும் என்று தெரிந்தே செலவழிக்கிறவர். அவர்களுக்கு அந்த கார்டு வாங்கிய அன்று மாலையே வேலை செய்கிறது. பத்து வருஷக் கணக்கு அவர்களுக்கும் வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு முறையீடு வரும், அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. "மூணு வருஷத்துக்கு ஒருதரம் யாருங்க அலையறது? ஒரேதரம் போட்டோமா, விட்டோமான்னு இருக்கணும்." அலைச்சல் பிடிக்காதது குற்றமில்லை. ஆனால் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரின் தனிச்சிறப்பு மூடியைக் கழற்றி ஒரு பாகத்தை மட்டும் மாற்றலாம் என்பதே. பழைய கார்டை விற்றால் புதிய கார்டின் விலையில் ஒரு பகுதி கைக்கு வரும். நாலு திருகு, ஒரு கேபிள், அரை மணி நேரம். அந்த மூடியைத் திறக்கவே மாட்டேன் என்று முடிவெடுத்தவர் மாற்றக்கூடிய பாகங்களுக்கு எதற்காக இவ்வளவு கொடுக்கிறார்? இந்தியாவில் 2021 பிப்ரவரியில் பிஎஸ்5 விற்பனைக்கு வந்தபோது வட்டு டிரைவோடு 49,990 ரூபாய். அதில் 4கே புளூ-ரே வட்டும் ஓடும், எஸ்ஜிஎக்ஸ் தேவையில்லை, அன்று வாங்கியவர் மூடியைத் திறக்காமலேயே இன்றுவரை புதிய விளையாட்டுகளை விளையாடிக்கொண்டிருக்கிறார்.